நெய்க்காரர் வீட்டில் வாசனை கூடாது

என் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பூவைக் கழட்டி வெளிய போட்டுட்டு வந்துரு புள்ள." தலை நிறைய மல்லிகை வைத்திருந்தேன். சேலத்திலிருந்து அம்மா பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த பூ. என்னவோ தப்பு செய்துவிட்டேன் போல என்று பதறிப்போனேன். "தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு மூக்கு கெட்டுரும்" என்றார் சாவகாசமாக.

அவர் பெயர் சண்முகவேல். ராசிபுரத்தில் நெய் மண்டி வைத்திருக்கிறார். கொல்லிமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து டின் டின்னாக வரும் நெய்யை வாங்கி ஸ்வீட் கடைகளுக்குக் கொடுக்கிற வியாபாரம். டின்னைத் திறந்து ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் தேய்த்து, கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு அவர் சொல்வதுதான் தீர்ப்பு. புது வெண்ணெயில் காய்ச்சியதா, நாள்பட்ட வெண்ணெயா, டால்டா சேர்ந்திருக்கிறதா, அடிப்பிடித்ததா, எல்லாவற்றையும் அந்த மூக்கு சொல்லிவிடும். அவர் மோந்து பார்க்கிறபோது மண்டியில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். கோயிலில் தீபாராதனை காட்டும்போது நிற்கிற மாதிரி நிற்பார்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் வாசனை கிடையாது. பூ கிடையாது, பவுடர் கிடையாது, ஊதுபத்தி கிடையாது. குளிக்க மணமில்லாத சோப்பு, தலைக்குத் தேய்க்க அரப்புத் தூள். கற்பூரம் ஏற்றினால் வாசலில்தான் ஏற்ற வேண்டும். ஒரு பொங்கலுக்கு என் பெரியப்பா மகள் ஆசையாக என்னைப் பார்க்க வந்தாள். சென்ட் போட்டிருந்தாள் என்று அவளை வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் கொடுத்து அனுப்பினார் இந்த மனிதர். அவள் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது நியாயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் யாரும் இதைக் கொடுமை என்று சொன்னதில்லை. "மூக்குதான் அவருக்கு மொதலு" என்பார்கள். என் அம்மாவே அப்படித்தான் சொன்னாள். எனக்கும் ஒரு மூக்கு இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் எனக்கே தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் என் தம்பி பொண்டாட்டி சத்யபிரியா சேலத்தில் வீட்டிலேயே ஒரு தொழில் ஆரம்பித்தாள். வேர், பூ, இலை, கட்டை இவற்றிலிருந்து வடித்த எண்ணெய்களை வரவழைத்து, அளவு பார்த்துக் கலந்து, வாசனைத் தைலம் செய்து போனிலேயே விற்கிறாள். நான் போயிருந்த அன்றைக்கு மேஜை முழுக்கக் குட்டிக் குட்டி சீசாக்கள். எனக்குக் கை பரபரத்தது. பட்டினி கிடந்தவள் முன்னால் பந்தி விரித்த மாதிரிதான்.

"ஒண்ணு குடு கண்ணு. நல்லதாப் பாத்துக் குடு" என்றேன்.

அவள் ஒரு காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டு நீட்டினாள். ஆசையாக இழுத்து மோந்தேன். ஆட்டுப்பட்டி! மழை நின்ற மறுநாள் ஆட்டுப்பட்டிக்குள் தலையை விட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு முடை வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு காகிதத்தைத் தூர எறிந்தேன்.

"என்னடி இது கருமம்?"

"அகிலுங்க அண்ணி. அகில் கட்டையில எடுத்த எண்ணெய். எல்லாத்தையும் விட வெல கூட."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் வாசனையே இல்லாமல் காய்ந்து கிடந்துவிட்டு, கடைசியில் எனக்குக் கிடைத்தது ஆட்டுப்பட்டியா? அடுத்து வெட்டிவேர் கொடுத்தாள். பானைத் தண்ணீரில் போடுகிற வெட்டிவேர் இல்லை அது, ஏரி வற்றும்போது அடியில் கிடக்கிற சேறு. கோரைக்கிழங்கு கொடுத்தாள். பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. தவனம் ஒன்றுதான் தெரிந்த முகம். அதுவும் பூக்கடையில் மணக்கிற மாதிரி இல்லாமல், பழம் அழுகத் தொடங்குகிற இனிப்போடு வந்தது.

"இதையெல்லாம் காசு குடுத்து வாங்கறாங்களா? அந்தக் கூட்டத்துக்கு மூக்கு இருக்குதா இல்லியா?" என்று கத்தினேன்.

சத்யா சிரித்தாள். நான் வீசிய காகிதத்தை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தாள். "சோறு தின்னுட்டு வந்து திரும்ப மோந்து பாருங்க. அதுவரைக்கும் திட்டாதீங்க."

சாப்பிட்டு முடித்து, அவளுக்காகத்தான் மோந்தேன். ஆடு போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறு ஒன்று உட்கார்ந்திருந்தது. லேசான புகை, கொஞ்சம் தேன், அதற்கும் அடியில் வெயிலில் கிடந்த மரம். அதே காகிதம்தானா என்று திருப்பிப் பார்த்தேன். சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் மறுபடி மோந்தேன். புகையும் போய், தொட்டில் குழந்தையின் உச்சந்தலை போல ஒரு மிருதுவான மணம் நின்றது. எனக்குக் குழந்தை இல்லை. மற்றவர்கள் வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி மோந்தது உண்டு. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் சேலம் போனேன். தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று பேர். சத்யா ஒவ்வொன்றாக மோக்கச் சொல்வாள். உடனே நல்லது கெட்டது சொல்லக் கூடாது. முதலில் என்ன, கொஞ்சம் பொறுத்து என்ன, போகும்போது என்ன என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். பிடிக்காததைத்தான் அதிகம் கொடுத்தாள். சேற்று வாடை என்று நான் திட்டிய வெட்டிவேர் இல்லாமல் இரண்டு மாதத்தில் எனக்கு இருக்க முடியவில்லை. ஒரு நாள் கடையில் விற்கிற ரோஜா சென்டையும், உண்மையான ரோஜா எண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கடைச் சென்டு காலைல எப்படியோ, ராத்திரியும் அப்படியேதான் இருக்குமுங்க அண்ணி. கூடும், கொறையும், மாறாது. வேருல பூவுல வந்தது மாறிக்கிட்டே இருக்கும்" என்றாள்.

மாறியது. முதலில் மிளகு மாதிரி சுருக்கென்று ஏறியது, பிறகுதான் ரோஜாவானது. பக்கத்தில் இருந்த சென்ட் ஒரே முகத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டே நின்றது.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு நான் வீட்டுக்கு எப்படித் திரும்பினேன் தெரியுமா? அவள் வீட்டுக் குழாயடியில் கை இரண்டையும் எலுமிச்சை போட்டுத் தேய்த்து, முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு. திருடப் போனவள் மாதிரி. நாற்பத்தைந்து வயதில், சொந்த வீட்டுக்கு.

வீட்டில் சாயங்காலம் ஒரு வழக்கம் உண்டு. மண்டியிலிருந்து சின்னக் கிண்ணங்களில் அன்றைக்கு வந்த நெய்யைக் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுவருவார். "சும்மா ஒரு வெளையாட்டு. இது எப்படின்னு சொல்லு பாக்கலாம்" என்பார். கொரோனா வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய பிறகு ஆரம்பித்த விளையாட்டு அது. நான் புறங்கையில் தேய்த்து, "இது நல்ல நெய்ங்க, இதுல காறல் அடிக்குது, இது பழைய வெண்ணெய்" என்பேன். அவர் "ம்" என்பார். ஒரு நாளும் தப்பு என்று சொன்னதில்லை. இத்தனை வருஷம் நெய்க்காரர் வீட்டில் இருந்ததற்கு நமக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சேலத்திலிருந்து கிளம்பும்போதே நேரமாகிவிட்டது. கழுவாமல் ஓடிவந்து பஸ் ஏறினேன். இடது மணிக்கட்டில் புதிதாகப் போட்ட அகில். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து பின்னால் போய்விட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்தால், இவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "சோத்தைப் போடு" என்றார். குனிந்து பரிமாறினேன். என் மணிக்கட்டு அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவர் ரசம் கேட்டார்.

அன்றைக்கு அவருக்குச் சளி போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வேண்டுமென்றே தவனம் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஒன்றுமில்லை. அதற்கும் மறுநாள் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் தீய்ந்து, அந்த நாற்றம் மாடிவரை வந்தது. ஓடிவந்து பார்த்தால், இவர் அடுப்படிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூக்கு இல்லை. கொரோனாவில் போனது திரும்பவே இல்லை. நாலு வருஷமாக அந்த மனிதருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

ஐயோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. சாயங்கால விளையாட்டு ஞாபகம் வந்தது. மண்டியில் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வதும் ஞாபகம் வந்தது. "முன்னெல்லாம் மோந்ததும் சொல்லிப் போடுவாரு. இப்பல்லாம் நாளைக்குச் சொல்றேன்னு ஒரு ராத்திரி யோசிச்சுச் சொல்றாரு. பெரிய அனுபவமுங்க." அந்த ஒரு ராத்திரி அனுபவம் யார்? நான். சமையல்கட்டில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நான் சொன்னதை மறுநாள் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்லியிருக்கிறார். ஊர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறது.

அதுகூடப் போகட்டும். பயந்திருப்பார், தொழில் போய்விடும் என்று மறைத்திருப்பார். எனக்கு அது புரியாமல் இல்லை. அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, நாளைக்கு ஆடி வெள்ளி. ஒரு மொழம் பூ வெச்சுக்கட்டுமா?"

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "உனக்குத் தெரியாதா புள்ள? மூக்கு கெட்டுரும்."

அடப்பாவி மனுஷா! செத்துப்போன மூக்குக்கு என்னைக் காவல் வைத்திருக்கிறாரே! பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் நான் பூ இல்லாமல் மொட்டையாகத்தான் இருக்க வேண்டும். எனக்குப் பூ வந்துவிட்டால் ஊருக்குச் சந்தேகம் வந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு முடிவு செய்தேன். இனிமேல் என் உடம்பில் என்ன மணக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்வேன். அது இந்த வீட்டிலும் நடக்க வேண்டும், மண்டியிலும் நடக்க வேண்டும்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. நாமக்கல் ஸ்வீட் கடைக்காரர் தனசேகர் மறுவாரம் காலையிலேயே மண்டிக்கு வந்துவிட்டார். ஆவணி பிறந்ததும் நடக்கிற பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு ஆர்டர், நெய் அப்போதே வேண்டும், நாளைக்கு என்ற பேச்சே கிடையாது. ஊர் ஊராக நெய் வாங்கிக் கொண்டுவருகிற தம்மம்பட்டி சென்றாயன் டின்களை இறக்கி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து, டீ குடிக்கப் போகிறவர் போல வீட்டுக்கு ஓடிவந்தார். கையில் மூன்று கிண்ணம்.

"சும்மா வெளையாட்டுதான். சட்டுனு சொல்லு."

"டின்னுல பாத்தாத்தான் தெரியுமுங்க. நீங்க போங்க, நான் மண்டிக்கு வாரேன்."

"பொம்பளை மண்டிக்கு வர்றதா? நல்ல கதையா இருக்குது!"

"அப்ப நீங்களே மோந்து சொல்லிக்குங்க" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு அப்போது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கிண்ணங்களை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். நான் முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, இடது மணிக்கட்டில் அகில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினேன். வலது கையை நெய்க்கு என்று சுத்தமாக விட்டேன்.

மண்டிக்குள் நுழைந்ததும் தனசேகர்தான் முதலில் தலையைத் தூக்கினார். "அம்மணி, என்னமோ வாசனை அடிக்குதே, என்னங்க அது?"

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. ஆனாலும் சுதாரித்துக்கொண்டார். "நானும் அப்பவே கவனிச்சேன். மண்டிக்குள்ள பூசிக்கிட்டு வரலாமா? கொஞ்சமாவது ரோசனை இருக்குதா உனக்கு?" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினார்.

அதட்டாமல் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு நெய்யைப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். மணிக்கட்டை என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அவரு கேக்கறாரில்ல, என்ன வாசனைன்னு நீங்களே சொல்லுங்க."

மண்டியில் யாரும் இருமவில்லை. பழக்க தோஷம், கண்ணை மூடி இழுத்தார். "ரோஸு" என்றார்.

சென்றாயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னங்கண்ணா, கெடா ஆட்டு வாடையில்ல அடிக்குது? எங்க பட்டிக்குள்ள நிக்கற மாதிரி இருக்குது. ரோஸுங்கறீங்க!"

நான் அதற்கு மேல் அவரைப் பார்க்கவில்லை. முதல் டின்னைத் திறந்து வலது புறங்கையில் தேய்த்தேன். நல்ல நெய். இரண்டாவதும் நல்ல நெய். மூன்றாவது எல்லாவற்றையும் விட கமகமவென்று மணந்தது. தனசேகர் எட்டிப் பார்த்து, "இது ஒசத்தி போலிருக்குது, இதையே எடுத்துக்கறேன்" என்றார். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர்கள் டீ குடித்து முடிக்கும் வரை கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு நெய்யும் அதற்குள் தணிந்து, முருங்கை இலையும் மோரும் மெலிதாக வந்தன. மூன்றாவது வந்த முகத்தோடு அப்படியே நின்றது, பல்லைக் காட்டிக்கொண்டு.

"இது நெய் மணமில்லைங்க. எசென்ஸு" என்றேன்.

சென்றாயன் துள்ளினார். "அதெப்படி அம்மணி? நான் ஊட்டுக்கு ஊடு போய் வாங்குனது. அண்ணன் சொல்லட்டும், ஒத்துக்கறேன்."

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு சொன்னார். "அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எல்லாம் நான் பழக்கிவுட்டதுதானுங்க."

பழக்கிவிட்டாராம்! எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"நீங்க எனக்குப் பழக்குனது ஒண்ணே ஒண்ணுதானுங்க, வாசனையே இல்லாம இருக்கறது" என்றேன். பிறகு தனசேகர் பக்கம் திரும்பினேன். "நாலு வருஷமா இவருக்கு மூக்கு இல்லைங்க. கொரோனாவுல போயிருச்சு. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு சொன்னதெல்லாம் ராத்திரி ஊட்டுல நான் பாத்துச் சொன்னது. இந்த எசென்ஸு மாதிரி எத்தனை எங்கிட்டத் தப்பிச்சுதோ தெரியாது. இப்பத்தான் பொறுத்துப் பாக்கக் கத்துக்கிட்டேன். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

மண்டி போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். போனால் எனக்கும் சேர்த்துத்தான் போகும். தனசேகர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன தீபாவளிக்கு எடுத்த நெய்யி?"

"நான் பாத்ததுங்க."

"அது மாதிரி நெய்யி அதுக்கு முன்ன எனக்கு வந்ததில்லையே" என்றார். பிறகு மூன்றாவது டின்னின் மூடியை அவரே எடுத்து அழுத்தி மூடிச் சென்றாயன் பக்கம் தள்ளினார். "இதை எடுத்துட்டுப் போ. மத்த டின்னையெல்லாம் அம்மணி பாத்துச் சொல்லட்டும்."

சென்றாயன் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த டின்னை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார நாற்காலி இல்லை. என் வீட்டுக்காரர் தன்னுடைய நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நான் போய் உட்கார்ந்தேன்.

எல்லோரும் போன பிறகு மண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்குத் திட்ட நாக்கு நுனியில் நிறைய வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கி என் கையைப் பிடித்தார். மணிக்கட்டை மூக்கருகில் கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். திரும்பவும் இழுத்தார். ஒன்றும் வரவில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

"எப்படிப் புள்ள இருக்குது?" என்றார். "உம்மேல என்ன மணக்குதுன்னு கொஞ்சம் சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. அதை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஊரிலேயே நல்ல மூக்கு இருந்தபோது என்னைக் கழுவிக் கழுவித்தானே பக்கத்தில் சேர்த்தார்? கையை இழுத்துக்கொண்டேன்.

"அதைச் சொல்லித் தெரிஞ்சுக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டின்னைத் திறந்தேன்.